பதின்மூன்று கிலோ

மின்கட்டண ரசீதின் முதுகில்
வண்டியை முதலில் வரைந்தவள் நான்.
ஒரு பலகை, இரண்டு அச்சு,
முன்னச்சின் நடுவில் ஒற்றைப் போல்ட்டு.
"அவ்வளவுதானா, எடிலேனி?" என்றான் வால்மோர்.
அவ்வளவுதான்.
திரும்புவதெல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான்.

சக்கரம் ஜெனிவாலின் பட்டறையில் கிடைத்தது:
லாரியிலிருந்து கழற்றி எறிந்த பேரிங் நான்கு.
மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டோம்.
காலையில் விரலால் சுண்டிவிட்டால்
மூன்று, காபி ஆறும்வரை சுழன்றன.
ஒன்று கரகரத்தது.
அதைப் பின்னால், வலது பக்கம் மாட்டினேன்.
கெட்டதை எங்கே வைப்பது என்பதும்
வடிவமைப்பில் சேர்த்திதான்.

பிரேக்குக்கு டயர்த்துண்டு,
கோழிக்கூண்டுக் கதவின் கீல்.
(கோழிகள் அன்று மாலை தெருவில் இருந்தன.
அது வேறு கதை.)

வலது காலை உதைத்தால் வண்டி இடப்பக்கம் போகும்,
இடது காலை உதைத்தால் வலப்பக்கம்.
சைக்கிள் பழகிய உடம்பு இதற்கு ஒத்துக்கொள்ளாது.
மூன்று நாள் கட்டிலில் மல்லாந்து
சுவரை உதைத்து உதைத்துப் பழகினேன்.
அடுத்த வீட்டுக்காரர் வந்து
யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

பிறகுதான் வந்தது பேச்சு:
ஓட்டப்போவது யார்?
"இறக்கத்தில் கனம்தான் ஜெயிக்கும்.
நான் நாற்பத்து நான்கு கிலோ. நீ முப்பத்தொன்று."
அவன் சொன்னது கணக்கு.
கணக்கோடு சண்டை போட முடியாது.
சரிக்கட்டலாம்.

அம்மாவின் சாப்பாட்டுக் கடையில்
வாரம் முழுமைக்கும் வந்திறங்கிய கறுப்பு பீன்ஸ்.
பதின்மூன்று கிலோ, முள் பார்த்து அளந்து,
பழைய தலையணை உறைக்குள் கொட்டி,
என் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே
கட்டிக்கொண்டேன்.

பெலோ ஒரிசோன்ச்சியில்
சமதரை வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள்.
எங்கள் தெரு
வானத்தில் தொடங்கிப்
பேருந்து நிறுத்தத்தில் முடியும்.
ஞாயிறு பத்து மணி. ஐந்து வண்டி, இருபது பேரிங்.
தாரில் அவை எழுப்பும் சத்தம்
தெருவையே யாரோ ஷட்டரைப்போல
இழுத்து மூடுகிற மாதிரி.

ரொட்டிக்கடைத் திருப்பம். இடப்பக்கம்.
வலது கால்.
சரியாகத்தான் உதைத்தேன்.
வண்டி சொன்னபடி கேட்டது.
தலையணை உறை கேட்கவில்லை.

முதுகு லேசானது முதலில் தெரிந்தது.
பிறகுதான் சத்தம்:
மழை, ஆனால் கீழேயிருந்து.

எனக்குப் பின்னால் வந்த உபிராஜாரா
பீன்ஸ் மேல் ஏறி அரைவட்டம் சுற்றி,
வந்த வழியையே பார்த்தபடி
இறங்கிக்கொண்டே இருந்தான்.
அவனுக்குப் பின்னால் இருவர் குப்பைத்தொட்டியில்,
ஒருவன் ரொட்டிக்கடையில்.

கோட்டை முதலில் தொட்டவள் நான்.
இரண்டாவது, புறமுதுகு காட்டி, உபிராஜாரா.

"செல்லாது, செல்லாது" என்றது தெரு.
"விதிகளில் பீன்ஸைப் பற்றி எதுவும் இல்லையே"
என்றான் வால்மோர்,
பிறந்ததிலிருந்து முதல்முறையாக
என் பக்கம் நின்று.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
கடையிலிருந்த துடைப்பங்கள் அத்தனையும் கொண்டுவந்து
சுவரில் வரிசையாகச் சாய்த்துவைத்தாள்.

இருட்டும்வரை பொறுக்கினோம்,
ஜெயித்தவள், தோற்றவர்கள்,
நின்று சிரித்தவர்கள்கூட.
தராசில் ஏற்றியபோது
பன்னிரண்டு கிலோ நானூறு.
மீதி அறுநூறு கிராமைத்
தெரு வைத்துக்கொண்டது.

இரவுச் சாப்பாடு.
ஏழு தண்ணீரில் கழுவிய பீன்ஸ்.
மூன்றாவது வாயில் கடைவாய்ப் பல்லுக்கடியில்
நறுக்கென்று ஒரு கல்.
துப்பவில்லை.
நாக்கால் புரட்டிக்கொண்டே
ரசீதை எடுத்து விரித்தேன்.
இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டி வேண்டும்,
மூடியோடு.
"எடைக்கு மணல் போதும்," என்றேன்.
"மணலை யாரும் தின்பதில்லை."

"இப்போது என்ன செய்கிறோம்?"
என்றான் வால்மோர், மென்றபடி.